சாலையோர உதவித் திட்டத்தில் சேரலாமா? பணம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

வண்டி வாங்கிய சில வாரங்களிலேயே இந்தத் திட்டத்தை விற்க யாராவது வந்துவிடுவார்கள். ஆண்டுக்கு ஒரு தொகை கட்டுங்கள், நடுவழியில் வண்டி நின்றால் ஆள் அனுப்புகிறோம், ஸ்டார்ட் செய்து தருகிறோம், டயர் மாற்றுகிறோம், முடியாவிட்டால் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்பார்கள். சேரலாமா வேண்டாமா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் உங்களுக்கான பதிலை அரை நாள் உட்கார்ந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இந்தத் திட்டங்களில் இரண்டு வகை உதவியை ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். ஒன்று, நின்ற இடத்திலேயே முடியும் சின்ன வேலைகள்: ஜம்ப் ஸ்டார்ட் (வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, பேட்டரி இறங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்வது), பஞ்சரான டயரை மாற்றுவது, கொஞ்சம் எரிபொருள் கொண்டுவந்து தருவது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைத் திறப்பது. இன்னொன்று, வண்டியை ஏற்றி ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவது, அதாவது டோயிங். சின்ன வேலைகளில் பாதியை அளவான கருவிகளும் ஒருநாள் பழக்கமும் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கூலிக்கு ஆள் கூப்பிட்டாலும் தாங்கக்கூடிய செலவுதான். டோயிங்கை யாரும் தனியாகச் செய்துகொள்ள முடியாது. செலவும் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஏறும். அதனால் ஒரு திட்டம் கட்டிய பணத்துக்குத் தகுமா என்பது கிட்டத்தட்ட முழுக்க அதன் டோயிங் பகுதியில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் மற்ற வசதிகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

படி 1: ஏற்கெனவே கையில் இருக்கிறதா?

பலர் ஒரே உதவிக்கு இரண்டு மூன்று இடங்களில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது தெரியாமலே. தேட வேண்டிய இடங்கள் நான்கு. வண்டி புதிதென்றால், வாரண்டிப் புத்தகத்தோடு தயாரிப்பு நிறுவனத்தின் சாலையோர உதவி சில ஆண்டுகளுக்கு இலவசமாக வந்திருக்கும். வண்டிக் காப்பீட்டில் கூடுதல் பிரிவாக அது சேர்ந்திருக்கலாம். பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் கூடுதல் பிரிவுகளின் பட்டியலை ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள். சில கிரெடிட் கார்டுகளோடு வரும் சலுகைகளில் இருக்கும். வேலை பார்க்கும் நிறுவனம் கொடுத்த வண்டி என்றால் நிறுவனமே ஏற்பாடு செய்திருக்கும்.

ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியோடு முடிகிறது, எத்தனை கிலோமீட்டர் டோயிங், ஆளை அவர்களே அனுப்புவார்களா அல்லது நீங்கள் செலவு செய்துவிட்டு ரசீது காட்டித் திரும்ப வாங்க வேண்டுமா. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ரசீது காட்டும் திட்டத்தில் இரவு இரண்டு மணிக்கு ஆள் தேட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அதற்கும் ஒரே அழைப்பில் வண்டி வந்து நிற்பதற்கும் நிறைய வித்தியாசம்.

காப்பீட்டோடு வருவது பெரும்பாலும் மலிவு. ஆனால் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: உதவிக்கு அழைத்தால் அது இழப்பீட்டுக் கோரிக்கையாகப் பதிவாகுமா? பதிவாகும் என்றால், அடுத்த ஆண்டு பிரீமியத்தில் அது எதிரொலிக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தயாரிப்பு நிறுவனம் தரும் உதவி முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்தத் தேதி வரை வேறு எதற்கும் பணம் கட்டத் தேவையில்லாமல் போகலாம்.

படி 2: உங்கள் வண்டி எதனால் நிற்கப் போகிறது?

ஜெர்மனியில் 1903-இல் தொடங்கிய ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம், தன் ஆட்கள் போய்ப் பார்த்த பழுதுகளை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறது. அதில் தொடர்ந்து முதலிடத்தில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. சமீப ஆண்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேலான பழுதுகள் அதனால் வந்தவை. மின்சார வண்டிகளும் இதற்கு விலக்கு இல்லை. ஓட்டத்துக்கான பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தாலும், பூட்டு, கணினி, ரிலே எல்லாவற்றையும் எழுப்புவது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது படுத்துவிட்டால் வண்டியும் படுத்துவிடும்.

அழைப்புகளில் பெரும்பங்கு ஒரே உறுப்பால் வருகிறது, அந்த உறுப்பை முன்கூட்டியே சோதிக்கவும் முடியும். இதைத் தெரிந்துகொண்டவருக்குத் திட்டத்தின் தேவை பாதியாகக் குறையும். சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

வண்டியை இரவு முழுக்க நிறுத்திவையுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் விளக்கெல்லாம் எரியும், அதனால் போனட்டைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். மீட்டரை நேர்மின்னோட்டத்தில் 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்புக் கம்பியை பேட்டரியின் பிளஸ் முனையிலும் கறுப்பை மைனஸ் முனையிலும் தொடுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. அடுத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒரு நொடியில் எண் விழும். சாதாரண வெப்பநிலையில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண் ஏறி 13.5-க்கும் 14.7-க்கும் இடையே நிற்க வேண்டும். சில புதிய வண்டிகளில் கணினி சார்ஜைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும்; அவற்றில் கொஞ்சம் ஆடும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் கோளாறு, எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: புது பேட்டரி வாங்கிப் போட்டு, இரண்டே நாளில் மறுபடி உதவிக்கு அழைக்கிறார்கள். ஒரே கோளாறுக்கு இரண்டாவது முறை வரமாட்டோம் என்று பல திட்டங்கள் சொல்வது இப்படிப்பட்ட அழைப்பைத்தான்.

காலையில் 12.6 காட்டுவதால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். உள்ளே தகடுகள் தேய்ந்த பேட்டரியும் ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டும், சுமை ஏறியதும் சரியும். பேட்டரிக்கு 3 ஆண்டு தாண்டிவிட்டால் மெக்கானிக்கிடம் லோடு டெஸ்ட், அதாவது சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனை, ஒன்று செய்துவிடுங்கள். 3 முதல் 5 ஆண்டுதான் பெரும்பாலான பேட்டரிகளின் ஆயுள். அடிக்கடி குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் இன்னும் சீக்கிரம் போகும், ஏனென்றால் ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திரும்ப நிரப்ப ஆல்டர்னேட்டருக்கு நேரம் கிடைப்பதில்லை.

அடுத்தது டயர். ஸ்டெப்னி இருக்கிறதா என்று இன்றே போய்த் திறந்து பாருங்கள். இப்போது பல புதிய வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது; அதன் இடத்தில் ஒரு பசைப் புட்டியும் சின்ன கம்ப்ரஸரும் இருக்கும். அந்தப் பசை டயரின் தரை படும் பகுதியில் உள்ள சின்ன ஓட்டைக்குத்தான், சுமார் 4 மில்லிமீட்டர் வரை. பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் பயனில்லை. புட்டிக்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் டயர் கிழிந்தால் எடுத்துப்போவதைத் தவிர வழியே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அப்படிப்பட்ட வண்டிக்காரர்களுக்கு டோயிங்கின் மதிப்பு கூடுகிறது.

மற்றவை: வண்டியின் வயது, கூலன்ட் கசிவு, நழுவத் தொடங்கிய கிளச், நாட்கள் கடந்துபோன சர்வீஸ், ஓராண்டாக எரியும் எச்சரிக்கை விளக்கு. இவற்றில் ஏதாவது இருந்தால், முதல் பணத்தைத் திட்டத்துக்குக் கொடுக்காமல் பழுதுபார்க்கக் கொடுங்கள். ஏற்கெனவே தெரிந்த கோளாறால் நின்ற வண்டிக்கு உதவி கிடையாது என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது.

படி 3: எங்கே நிற்கப் போகிறது?

ஒரு தாளில் உங்கள் வழக்கமான பயணங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும், நீங்கள் நம்பும் ஒர்க்ஷாப்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் புள்ளி எத்தனை கிலோமீட்டர் என்று பக்கத்தில் எழுதுங்கள். தினமும் 12 கிலோமீட்டர் போய்வருபவருக்கு அந்த எண் 10-ஐத் தாண்டாது. மாதம் ஒருமுறை 300 கிலோமீட்டர் போய்வருபவருக்கு அது 150-ஐத் தொடலாம். இந்த எண்தான் அடுத்த கணக்குக்கு அச்சாணி.

கூடவே மனிதர்களையும் எழுதுங்கள். இரவில் தனியாக ஓட்டுபவர், கைக்குழந்தையோடு போகிறவர், முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர், முதுகுவலியால் டயர் தூக்க முடியாதவர். இவர்களுக்கு நடுவழியில் ஒரு மணி நேரம் என்பதன் விலை வேறு. பணக்கணக்கு திட்டத்துக்கு எதிராக வந்தாலும் இவர்கள் சேர்வது நியாயமான முடிவுதான். அதற்காகத் தயங்க வேண்டாம்.

படி 4: கணக்கு

இடத்துக்கு இடம் விலை மாறும் என்பதால், ஆண்டுக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதியில் இரண்டு டோயிங்காரர்களிடம் கூலி விசாரித்து, எல்லாவற்றையும் இந்த 100-க்கு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஜம்ப் ஸ்டார்ட் 60, டயர் மாற்ற 50, டோயிங்குக்கு வண்டி வந்து நிற்க 50, அதற்குமேல் கிலோமீட்டருக்கு 4 என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் 25 கிலோமீட்டர் டோயிங்குக்கு 150 ஆகும், 100 கிலோமீட்டருக்கு 450.

ஓராண்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பழுது அப்படி ஆண்டுக்கு ஒன்றாக வராது. 5 ஆண்டுகளை எடுங்கள். கட்டணம் 500.

ஊருக்குள் மட்டும் ஓடும், நன்றாகப் பராமரித்த வண்டி. 5 ஆண்டில் ஒரு ஜம்ப் ஸ்டார்ட், ஒரு டயர். வெளியில் கொடுத்தால் 110. திட்டத்தில் இருந்தால் 500. இங்கே யோசிக்கவே வேண்டியதில்லை.

வயதான வண்டி, நீண்ட பயணங்கள். 5 ஆண்டில் இரண்டு ஜம்ப் ஸ்டார்ட், ஒரு 25 கிலோமீட்டர் டோயிங், ஒரு 100 கிலோமீட்டர் டோயிங். வெளியில் கொடுத்தால் 120, 150, 450, மொத்தம் 720. கட்டணம் 500 என்பதால் சேர்வது லாபம் என்று தோன்றும். ஒப்பந்தத்தைத் திறந்தால் டோயிங் 25 கிலோமீட்டர் வரைதான் இலவசம் என்று எழுதியிருக்கிறது. நீண்ட டோயிங்கில் மீதி 75 கிலோமீட்டருக்கு 300 உங்கள் கையிலிருந்து போகும். திட்டத்தால் உண்மையில் மிச்சமானது 420. கட்டியது 500. நட்டம்.

அதே நிறுவனத்தில் 100 கிலோமீட்டர் வரை தரும் உயர்நிலைத் திட்டம் 130 என்றால், 5 ஆண்டுக்கு 650; மிச்சம் 720. இப்போது லாபப் பக்கம் வந்துவிட்டது. மலிவான அடிப்படைத் திட்டம் நட்டத்திலும் விலை கூடிய திட்டம் லாபத்திலும் முடிவதைக் கவனியுங்கள். நீண்ட தூரம் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு அடிப்படைத் திட்டத்தில் சேர்வதுதான். படி 3-இல் எழுதிய எண்ணைவிடத் திட்டத்தின் டோயிங் எல்லை குறைவாக இருந்தால், அந்தத் திட்டம் உங்களுக்கானது ஆகாது.

கணக்கு முடிந்ததும் இன்னொரு கேள்வி. ஒரே இரவில் 450 கொடுக்க நேர்ந்தால் உங்களால் முடியுமா? முடியும் என்றால், சேராமல் அந்த ஆண்டுக் கட்டணத்தைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டே போகலாம். பழுது வராத ஆண்டுகளின் பணம் உங்களிடமே இருக்கும். அந்த மாதமே ஆட்டம் கண்டுவிடும் என்றால், கொஞ்சம் நட்டம் என்றாலும் சேருங்கள். பெரிய செலவு ஒன்று திடீரென விழாமல் பார்த்துக்கொள்ளத் தரும் விலையாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: ஒப்பந்தத்தைப் படிப்பது

விளம்பரத் தாளைப் படிக்காமல் முழு விதிமுறைகளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் நிறுவனத்தில் சேர வேண்டாம்.

முதலில் தேட வேண்டியது, உதவி ஆளுக்கா வண்டிக்கா என்பது. அமெரிக்காவில் 1902-இல் தொடங்கிய ட்ரிபிள் ஏ சங்கத்தில் உறுப்பினர் எந்த வண்டியில் போனாலும், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் கூட, உதவி உண்டு. வேறு பல திட்டங்கள் ஒரு பதிவு எண்ணுக்கு மட்டும் பொருந்தும். ஒரே வண்டியை வீட்டில் நான்கு பேர் ஓட்டினால் வண்டிக்கான திட்டம் நல்லது. ஒருவர் பல வண்டி மாற்றி ஓட்டினால் ஆளுக்கானது. இதைத் தலைகீழாக எடுத்துவிட்டுச் சிரமப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

டோயிங் தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று பாருங்கள். நின்ற இடத்திலிருந்து ஒர்க்ஷாப் வரைக்குமா, அல்லது அவர்கள் வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து போய்வரும் தூரம் முழுக்கவா? 50 கிலோமீட்டர் என்று எழுதியிருப்பது இரண்டாவது முறையில் 20-க்கும் கீழே சுருங்கிவிடலாம். கொண்டுபோய் விடும் இடம் யார் தேர்வு? 'அருகிலுள்ள ஒர்க்ஷாப்' என்றிருந்தால், பரிச்சயமில்லாத ஊரில் வண்டி மாட்டிக்கொள்ளும். 'உறுப்பினர் விரும்பும் இடம்' என்றிருப்பது தூர எல்லைக்கு அடுத்து மிக மதிப்பான சொற்றொடர்.

டோயிங் எந்த முறையில் என்றும் கேளுங்கள். முன் இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டி சாதாரண முன்சக்கர இயக்க வண்டிகளுக்குப் போதும். நான்கு சக்கர இயக்கம் உள்ளதை அப்படி இழுத்தால், பின்சக்கரம் மட்டும் சுழன்று இடையிலுள்ள கிளச்சையும் கியர்களையும் கெடுத்துவிடும். பின்சக்கர இயக்கமுள்ள ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப் ஓடும். எஞ்சின் நின்ற நிலையில் அந்தச் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே எண்ணெய் இல்லாமல் தேயும். மின்சார வண்டியில் சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். இவை மூன்றுக்கும் பிளாட்பெட், அதாவது நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரி வேண்டும். உங்கள் திட்டத்தில் பிளாட்பெட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆண்டுக்கு எத்தனை அழைப்பு என்பதற்கு ஓர் எல்லை இருக்கும். சேர்ந்த நாளிலிருந்து உதவி தொடங்கச் சில நாள் காத்திருப்பும் பெரும்பாலும் உண்டு. வண்டி நின்ற பிறகு அங்கேயிருந்து போனில் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பவர்களைத் தடுக்கத்தான் அது. வீட்டு வாசலில் நின்றால் வருவார்களா என்பதையும் தனியாகக் கேளுங்கள். பேட்டரி பெரும்பாலும் செத்துக் கிடப்பது காலையில், வீட்டில்தான். வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் நின்றால் உதவி இல்லை என்று சில அடிப்படைத் திட்டங்களில் ஒரு விதி ஒளிந்திருக்கும்.

விலக்குகளின் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். வாடகைக்கோ சரக்குக்கோ ஓட்டும் வண்டி, சேற்றிலோ பள்ளத்திலோ இறங்கியது, விபத்து, எடை வரம்பை மீறிய வண்டி, தவறான எரிபொருள் ஊற்றியது ஆகியவை அடிக்கடி திட்டத்துக்கு வெளியே நிற்கும். கடைசியதைப் பற்றி ஒரு வார்த்தை: டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைத் திருப்பவும் வேண்டாம். சாவி திரும்பியதுமே எரிபொருள் பம்ப் ஓடத் தொடங்கி பெட்ரோலைக் குழாய்களுக்குள் தள்ளும். டீசல் தன் பிசுபிசுப்பால் உயர் அழுத்தப் பம்புக்கு மசகாகவும் வேலை செய்கிறது; பெட்ரோலில் அது இல்லை, பம்ப் உராய்ந்து உலோகத் துகள் எங்கும் பரவும். டேங்கை மட்டும் காலி செய்வதோடு முடிய வேண்டிய செலவு முழு எரிபொருள் அமைப்பையும் மாற்றுவதில் போய் நிற்கும்.

உழைப்பு இலவசம் என்றாலும் பொருள் இலவசமாக இருக்காது. கொண்டுவரும் எரிபொருள், புது பேட்டரி, சுங்கக் கட்டணம் எல்லாம் உங்கள் கணக்கில் வரும். வண்டி அங்கேயே நின்றுவிட்டால் உங்களை வீடு சேர்ப்பது, தங்க இடம் தருவது எல்லாம் உயர்நிலைத் திட்டங்களில்தான் பெரும்பாலும் இருக்கும்.

எத்தனை நிமிடத்தில் வருவோம் என்ற வாக்குறுதிக்கு அதிக மதிப்புத் தராதீர்கள். நிறுவனத்துக்குச் சொந்தமாக ஆட்களும் வண்டிகளும் உண்டா, இல்லை உங்கள் அழைப்பை வாங்கி அந்தந்த ஊர் டோயிங்காரருக்கு மாற்றிவிடுகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது வகையில், நேரே கூப்பிட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய அதே ஆள்தான் வருவார்.

கடைசியாக, தானாகப் புதுப்பிக்கும் விதி. முதல் ஆண்டு தள்ளுபடி, இரண்டாம் ஆண்டிலிருந்து முழுக் கட்டணம் என்பது வழக்கம். கணக்குப் போட வேண்டியது இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை வைத்து.

படி 6: சேராவிட்டால் வண்டியில் இருக்க வேண்டியவை

திட்டத்தில் சேர்ந்தவர்களும் இவற்றை வைத்திருப்பது நல்லது. உதவி வரும்வரை காத்திருப்பதைவிட நீங்களே முடித்துக் கிளம்புவது பல நேரம் சீக்கிரம் நடக்கும்.

லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று. உங்கள் எஞ்சின் அளவுக்கு ஏற்றதாக வாங்குங்கள். டீசலுக்குக் கூடுதல் திறன் தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் மூடிய வண்டிக்குள் நிரந்தரமாக விட்டால் அதன் ஆயுள் குறையும். இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போடுவதானால் வரிசை முக்கியம்: சிவப்பு, செத்த பேட்டரியின் பிளஸ்ஸில்; சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்; கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில்; கறுப்பின் மறுமுனை, செத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால்தான் அந்தத் தள்ளல்.

12 வோல்ட் காற்று கம்ப்ரஸர், காற்றழுத்தமானி, எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேல்சட்டை, டார்ச். இவற்றோடு நீளக் கைப்பிடியுள்ள வீல் ஸ்பானர். வண்டியோடு வரும் ஸ்பானர் குட்டை. கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டை அதை வைத்து அசைக்கவே முடியாது. மேலே ஏறி நின்று மிதிப்பார்கள். ஸ்பானர் நழுவி நட்டின் முனைகள் மழுங்கும், அதற்குப் பிறகு எந்த ஸ்பானருக்கும் அது பிடி கொடுக்காது. 50, 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடி இருந்தால் உடல் எடையே போதும், சத்தமில்லாமல் விடும்.

ஒரு விடுமுறை நாளில் வீட்டில் வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கியை ஏற்றுமுன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முறுக்கினால் சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியலாம். நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் ஹப்பில், அதாவது அது மாட்டியிருக்கும் நடுப்பகுதியில், துருப்பிடித்து ஒட்டியிருந்தால், நட்டுகளை இரண்டு சுற்று மாட்டிவிட்டு வண்டியை இறக்கி முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள், விட்டுவிடும். மாட்டும்போது ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முறுக்குங்கள். சாதாரண கார்களில் பெரும்பாலும் 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் கையேட்டில் சரியான எண் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி என்றால் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதில் காற்றும் அதிகம் வேண்டும், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் விட்ட ஸ்டெப்னி தேவைப்படும் நாளில் காற்றில்லாமல் கிடக்கும்.

திருட்டைத் தடுக்கும் லாக் நட்டு உங்கள் சக்கரத்தில் இருந்தால் அதற்கான தனிச் சாவி எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடுங்கள். அது இல்லாவிட்டால் திட்டத்திலிருந்து வரும் ஆளாலும் டயரை மாற்ற முடியாமல், ஒரு சாதாரண பஞ்சருக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

சேர்ந்துவிட்டால்

உதவி எண்ணையும் உறுப்பினர் எண்ணையும் போனில் பதிவதோடு, தாளில் எழுதி முன்பெட்டியில் வையுங்கள். வண்டி நிற்கும் நாளில்தான் போனிலும் சார்ஜ் இருக்காது. காத்திருப்புக் காலம் முடியும் தேதியையும் அதே தாளில் எழுதுங்கள்.

நின்றுவிட்டால் முதல் வேலை போன் கிடையாது. வண்டியை முடிந்தவரை ஓரம் கட்டி, நான்கு விளக்கையும் போட்டு, போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். வேகச் சாலையில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது ஆபத்து. அதன்பிறகு அழையுங்கள். சொல்ல வேண்டியவை: இருக்கும் இடம், எந்தத் திசையில் போகும் பக்கம், அருகில் உள்ள கிலோமீட்டர் கல், வண்டியின் மாடல், நான்கு சக்கர இயக்கமா, ஆட்டோமேட்டிக்கா, மின்சாரமா, என்ன ஆனது, எந்த விளக்கு எரிகிறது, எத்தனை பேர், குழந்தைகளோ நோயாளிகளோ உண்டா. பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் மின்சாரக் கைப்பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதையும் சொன்னால் வேண்டிய கருவியோடு வருவார்கள். அழைப்பின் பதிவு எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆள் வந்ததும், அந்த அழைப்பின் பதிவு எண்ணை அவரையே சொல்லச் சொல்லுங்கள். நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு அழைக்காமலே வந்து நிற்கும் டோயிங்காரர்களும் உண்டு. அவர்களோடு கிளம்பினால் செலவு முழுக்க உங்களுடையது. வண்டியை ஏற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், கிலோமீட்டர் அளவையும் சேர்த்து. எங்கே இறக்குகிறார், இலவச எல்லைக்கு மேல் எத்தனை கிலோமீட்டர், அதற்கு எவ்வளவு என்பதைக் கொக்கி மாட்டுமுன் பேசி முடித்துவிடுங்கள்.

புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்கு அந்த ஆண்டின் அழைப்புகளை எண்ணி, படி 4-இல் செய்ததுபோல வெளிக்கூலியில் மாற்றிப் பாருங்கள். வண்டி மாறியிருக்கிறதா, பயண தூரம் குறைந்ததா, புது பேட்டரி போட்டாயிற்றா என்பதையும் சேர்த்துக்கொண்டு, வேண்டாமென்றால் எழுத்தில் ரத்துசெய்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.